கணினிக்குள் ஒரு தேயிலைச் சரிவு

வானொலியில் பேசியே பழகிய நான், ஒரு மென்பொருளின் முன்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்தது சென்ற பள்ளி விடுமுறையில்தான்.

இடம், கேமரன் மலை. ரிங்லெட்டை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் அம்மாவின் வீடு. வெளியே விடாத மழை. “சித்தி, கேம் விளையாடத்தான் தெரியுமா, செய்யத் தெரியாதா?” என்று சீண்டினான் படிவம் இரண்டில் படிக்கும் அக்காள் மகன். அன்றே ‘கோடோ’ மென்பொருளைப் பதிவிறக்கினோம்.

அர்ஜெண்டினாவின் ஹுவான் லினியட்ஸ்கி, ஏரியல் மன்சூர் இருவரும் உருவாக்கிய கோடோ, 2014 முதல் திறமூல மென்பொருளாக இலவசமாகக் கிடைக்கிறது. நாம் செய்த விளையாட்டை விற்றாலும் பங்கு கேட்காது.

மலைச்சரிவில் ஒரு பெண் கொழுந்து பறிக்க வேண்டும். இதுதான் எங்கள் விளையாட்டு. கோடோவில் பெண், செடி, தரை எல்லாமே ‘நோட்’கள், அவற்றை அடுக்கினால் ஒரு ‘சீன்’. அரை நாள் படம் வரைந்து, ஓட்டிப் பார்த்தோம். பெண் தோன்றினாள். அடுத்த நொடியே தரையைத் துளைத்துக்கொண்டு விழுந்து மறைந்தாள்! எத்தனை முறை ஓட்டினாலும் அதே கதைதான்.

நோட்டின் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள்தான் கவனிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் படம் வேறு, மோதி நிற்கும் உடல் வேறு. ‘கொலிஷன் ஷேப்’ என்ற எல்லையைப் பெண்ணுக்கும் தரைக்கும் கொடுத்தால்தான் அவள் நிற்பாள். இரவு பத்து மணிக்கு அவள் நின்றாள். நாங்கள் போட்ட கூச்சலில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவர் அம்மா. திரையைச் சற்று நேரம் பார்த்தார். “பறிச்ச செடியிலயே உடனே பறிக்கிறாளே, கொழுந்து வளர வேணாமா? மூணு வாரம் ஆகும்லா! முத்தின இலையக் கூடையில போட்டா மண்டோர் சும்மா விடுவாரா?”

மறுநாள் ஒரு ‘டைமர்’ சேர்த்தோம். பறித்த செடி 21 விநாடி கழித்தே துளிர்க்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்றால் புள்ளி கூடும். முற்றிய இலை என்றால் குறையும். அதுவரை பொத்தானை அழுத்துவது மட்டும்தான் வேலை. இப்போது எந்தச் செடிக்கு முதலில் போவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அது விளையாட்டாக மாறியது.

இன்று பல சரிவுகளில் இயந்திரமே கொழுந்து வெட்டுகிறது. கை அறிந்த இந்தக் கணக்கை அம்மாவிடம் நான் இதற்குமுன் கேட்டதே இல்லை.

நம் வீட்டுக் கதையெல்லாம் விளையாட்டாகுமா என்று தயங்க வேண்டாம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தையும் அதன் சமையலையும் சொல்லும் ‘வெண்பா’ 2023-இல் வெளிவந்து, மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது.

தொடங்குபவர்களுக்கு ஒரே யோசனை: பெரிதாகத் திட்டமிடாதீர்கள். ஓர் உருவம், ஒரு தரை, ஒரு வேலை போதும். மஞ்சள் முக்கோணத்தைக் கண்டால் உடனே படியுங்கள்.

கடைசி நாள் அம்மாவும் ஆடிப் பார்த்தார். “எல்லாம் சரி, முதுகில கூடை எங்க? வெறுங்கையோட மலை ஏறுவாளா?”

இந்த வாரம் கூடை வரைந்துகொண்டிருக்கிறோம்.