பல் பிடுங்கும் பயமும் பீடிக் கணக்கும்

சேலம் சூரமங்கலத்தில் ரயில் ஜங்ஷனைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் விடிகாலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். இரவு டூட்டி முடித்த ரயில்வே ஊழியர், நாமக்கல்லுக்கும் சங்ககிரிக்கும் போகிற லாரி டிரைவர், மூட்டை தூக்குகிறவர் என்று பலரும் ஒரு கையில் டீ கிளாஸும் மறு கையில் பீடியுமாக நிற்பார்கள். கடைவாய்ப் பல் சொத்தையாகி, கிராம்புத் தைலத்தையும் வலி மாத்திரையையும் வைத்தே மாதக்கணக்கில் சமாளிக்கிறவர்கள் இவர்களில் உண்டு. கேட்டால், ஊசியை நினைத்தாலே கைகால் நடுங்குகிறது என்பார்கள். "தூங்க வெச்சுப் புடுங்கிட முடியாதுங்களா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பயத்தை அடக்கும் மாத்திரை கொடுத்துப் பல் வைத்தியம் செய்வதை டாக்டர்கள் 'ஓரல் செடேஷன்' என்கிறார்கள். ஆனால் பீடி, சிகரெட், ஹான்ஸ் புகையிலை என்று ஏதாவது பழக்கம் உள்ளவர், அந்த மாத்திரையைப் போடுவதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் மாத்திரையைப் பார்ப்போம். டயஸெபாம், லோரஸெபாம், அல்பிரஸோலம் எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து 1960-இல் விற்பனைக்கு வந்தது. டயஸெபாம் 1963-இல் வந்தது. மூளையில் பரபரப்பை அடக்க 'காபா' என்ற ரசாயனம் இயல்பாகவே வேலை செய்கிறது. இந்த மருந்துகள் அதன் வேலைக்குக் கூடுதல் பலம் கொடுக்கின்றன. சிகிச்சைக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு விழுங்கினால் உடம்பு தளரும், படபடப்பு குறையும். கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள், வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பீர்கள். நடந்தது பிறகு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். ஆனால் இது வலியைப் போக்காது. மரத்துப்போவதற்கான லிக்னோகெயின் ஊசி எப்படியும் உண்டு. அந்த ஊசியைப் பயமில்லாமல் போட்டுக்கொள்ளத்தான் மாத்திரை.

மூக்கு வழியாகக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை டாக்டர் நினைத்த நேரத்தில் கூட்டலாம், குறைக்கலாம். நிறுத்திய சில நிமிடங்களில் தெளிந்துவிடும். விழுங்கிய மாத்திரையில் அந்த வசதி இல்லை. எவ்வளவு சீக்கிரம் ஏறும், எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் முன்கூட்டியே எல்லாவற்றையும் விசாரித்து அளவு முடிவு செய்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் இதை விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு போவது அபாயம்.

இனி பீடிக் கணக்குக்கு வருவோம்.

நிக்கோட்டின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். உடனே உடம்பு அடுத்ததைக் கேட்கும். கை பரபரக்கும், எரிச்சல் வரும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். காலையிலிருந்து புகைக்காமல் பல் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வரும் நடுக்கத்தில் ஊசிப் பயம் எவ்வளவு, பீடி ஏக்கம் எவ்வளவு என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டருக்குப் பழக்கம் தெரிந்தால், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பார். இதயக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

புகையில் நிக்கோட்டினோடு கார்பன் மோனாக்சைடும் வருகிறது. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு அது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளும். செடேஷனின்போது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. டிக்கெட் பார்க்காமல் தலையை மட்டும் எண்ணிக்கொண்டு போகிற பஸ் கண்டக்டர் போல, சிவப்பணுவில் எது உட்கார்ந்திருந்தாலும் ஆக்சிஜன் என்றே பெரும்பாலும் கணக்கில் சேர்த்துவிடும். திரையில் 98 என்று காட்டினாலும் உள்ளே உண்மையான ஆக்சிஜன் அதைவிடக் குறைவாக இருக்கலாம். மாத்திரையும் மூச்சை லேசாக மந்தப்படுத்தும். இரண்டும் சேர்வதுதான் ஆபத்து. நல்ல செய்தி என்னவென்றால், புகையை நிறுத்திய 4, 5 மணி நேரத்தில் இந்த வாயு பாதியாகிவிடும். முந்தின இரவே நிறுத்தி 12 மணி நேரம் தாண்டினால் பெரும்பகுதி வெளியேறியிருக்கும்.

புகைப்பவர்களுக்கு டயஸெபாமால் வரும் தூக்கக் கலக்கம் குறைவு என்று 1973-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்று காட்டியது. "எனக்கு ஒண்ணுமே ஏறலீங்க, இன்னொண்ணு போட்டுக்கறேன்" என்று சிலர் சொல்வதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். முதல் மாத்திரை தாமதமாக ஏறும்போது இரண்டாவதும் சேர்ந்துகொண்டால் மூச்சு அடங்கும் அளவுக்குப் போகலாம்.

டீக்கும் இதில் இடமுண்டு. புகை கல்லீரலைத் தூண்டுவதால் புகைப்பவர் உடம்பு டீயிலுள்ள காஃபினை வேகமாகக் கழித்துவிடும். புகையை நிறுத்தினால் அந்த வேகம் சில நாட்களில் குறைந்து, வழக்கமான அதே டீ அதிகப் படபடப்பைத் தரும். புகைக்காத நாட்களில் டீயையும் பாதியாக்குங்கள். அதோடு, பால் டீ வயிற்றுக்குச் சாப்பாட்டுக் கணக்கு. வெறும் வயிற்றோடு எத்தனை மணிக்கு வரச் சொன்னார்களோ அதை அப்படியே கேளுங்கள்.

ஹான்ஸ், மாவா, புகையிலை கலந்த பான் மசாலா போடுகிறவர்களுக்குப் புகை இல்லை, ஆனால் நிக்கோட்டின் அதேதான். பாக்கு சேர்ந்திருந்தால் கன்னத்தின் உள்தசை நார் போல இறுகி வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் முதலில் அதை டாக்டரிடம் காட்டுங்கள். வாய் திறக்காதவருக்கு மயக்கத்தில் மூச்சுத் தடை வந்தால் உதவுவது கடினம். இப்படி வாய் இறுகுவது புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ள நோயும்கூட.

பல் எடுத்த பின் குழியில் உறையும் ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. புகையை இழுக்கும் வேகத்தில் அது பிடுங்கிக்கொண்டு வரலாம். நிக்கோட்டின் ரத்தக் குழாய்களையும் சுருக்கும். மூடியை இழந்த குழியில் எலும்பு தெரியும். இரண்டாம் நாளிலிருந்து காது வரை வலி தெறிக்கும். குறைந்தது 3 நாள் பீடியும் வேண்டாம், ஹான்ஸும் வேண்டாம், ஸ்ட்ரா போட்டு ஜூஸும் வேண்டாம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டயஸெபாம் ஒரு நாள் கழித்தும் உடம்பில் கணிசமாக இருக்கும். தெளிவாக இருப்பதாகத் தோன்றினாலும் கைவேகம் குறைந்திருக்கும். குறைந்தது 24 மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள், லோடு ஏற்றுக்கொள்ளாதீர்கள், மதுவை அறவே தொடாதீர்கள். துணைக்கு வீட்டாள் ஒருவர் வரட்டும். பலத்த குறட்டை, நெஞ்சுச் சளி நோய், கல்லீரல் நோய், கர்ப்பம், ஏற்கெனவே சாப்பிடும் தூக்க மாத்திரை ஆகியவற்றில் எது இருந்தாலும் முன்பே சொல்லுங்கள்.

ஆக்சிஜனும் ஆக்சிமீட்டரும் பயிற்சி பெற்ற ஆளும் இருக்கிற இடத்தில்தான் இந்த மாத்திரைக்குச் சம்மதியுங்கள். விசாரிக்க, சேலத்தை அடுத்த அரியானூரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல் டாக்டரிடம் போகப் பயப்படுவதும் வெட்கமில்லை, பீடி குடிப்பதைச் சொல்வதும் வெட்கமில்லை. "ஒரு நாளைக்கு ஒரு கட்டுங்க" என்று உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் உங்களுக்கு ஏற்ற அளவை அவரால் முடிவு செய்ய முடியும். குறைத்துச் சொன்னால் அவர் போடும் கணக்கு வேறொருவருக்கான கணக்காகிவிடும்.

பல்லுக்காக 3 நாள் நிறுத்துகிறவர், பீடி ஏக்கம் உச்சத்தில் இருக்கும் நாட்களைக் கடந்துவிட்டார் என்றே பொருள். நான்காம் நாள் திரும்பப் பற்றவைக்கும் முன் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு ஒருமுறை பேசுங்கள். புகையிலையை விட உதவும் தேசிய ஆலோசனைச் சேவை அது.