கண்ணுக்குள் ஓர் அழுத்தமானி

கண் உருண்டையாக நிற்பதற்கு அதற்குள் இருக்கும் நீரின் அழுத்தமே காரணம். கருவிழிக்குப் பின்னால் உள்ள ஒரு திசு நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு மைக்ரோலிட்டர் தெளிந்த நீரைச் சுரக்கிறது. கருவிழியின் ஓரத்தில் உள்ள மெல்லிய வடிகால் வழியாக அதே அளவு நீர் வெளியேறுகிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில், ஏறிய அழுத்தம் அதன் இழைகளை நசுக்கும். அந்த நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உண்டு. செத்த இழை மறுபடி முளைப்பதில்லை. இதுதான் குளுகோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்றும், பேச்சில் ‘கண் பிரஷர்’ என்றும் சொல்வார்கள். இதில் பரவலாகக் காணப்படும் வகைக்கு வலி கிடையாது. பார்வை ஓரத்தில் தொடங்கிக் குறுகிக்கொண்டே வரும். நேர்ப்பார்வை கடைசிவரை தெளிவாக இருப்பதால் நோயாளிக்குச் சந்தேகமே வருவதில்லை.

போன பார்வையைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. இருப்பதைக் காப்பாற்ற மருத்துவர் கையில் உள்ள ஒரே பிடி அழுத்தத்தைக் குறைப்பதுதான். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. சுவீடனில் நடந்த ஒரு நீண்ட ஆய்வில், அழுத்தம் 1 மி.மீ. குறைந்தாலே நோய் முற்றும் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைவது தெரியவந்தது. ஒரு மி.மீ.க்கே இத்தனை மதிப்பு உள்ள நோயில், அந்த எண்ணை அளக்கும் விதம் வியப்பூட்டும் அளவுக்குப் பழையது.

இன்றும் உரைகல்லாக இருப்பது சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் கோல்ட்மன் 1950களில் உருவாக்கிய கருவி. கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் சாயம் இட்டு, நீல ஒளியில் ஒரு சிறு கூம்பால் கருவிழியை மெல்லத் தொட்டு, அதைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். சில விநாடிகளில் முடிந்துவிடும். சிட்லபாக்கத்தில் வசிக்கும் நோயாளி ஒருவர் காலையில் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, அரசு கண் மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தால், முற்பகலில் ஒரு எண் கிடைக்கும். அடுத்த எண் சில மாதங்கள் கழித்து. இடைப்பட்ட இரவுகளில் அழுத்தம் என்ன செய்தது என்பது யாருக்கும் தெரியாது. மருத்துவமனைக்குப் போகும் வாரத்தில் மட்டும் ஒழுங்காக, அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்தை விட்டுக்கொள்பவர்களும் உண்டு. அவர்களின் எண் அழகாகவே இருக்கும்.

அழுத்தம் ஒரே நிலையில் நிற்பதல்ல. படுத்தால் ஏறும். அமெரிக்காவின் சான் டியேகோவில் தூக்க ஆய்வுக்கூடத்தில் நடந்த ஆய்வுகள், பலருக்கு உச்ச அழுத்தம் இரவில், மருத்துவமனை மூடியிருக்கும் நேரத்தில் வருவதைக் காட்டின. சென்னையின் சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகாசனம் செய்பவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சிரசாசனத்தில் நிற்கும்போது கண் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. நாளெல்லாம் சிரசாசனத்தில் நிற்பவர் யாரும் இல்லைதான். ஆனால் இந்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்வதற்கு இது வலுவான காரணம்.

நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் இருக்க வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அளப்பது ஒரு வழி. ஆனால் தூங்குபவரை எழுப்பி உட்கார வைத்து அளந்தால் அது தூக்கத்தில் இருந்த அழுத்தம் ஆகாது. பின்லாந்துக் கண்டுபிடிப்பான கைக்கருவி ஒன்று, மரத்துப்போகச் செய்யும் மருந்து இல்லாமலே கருவிழியில் பட்டுத் தெறிக்கும் நுண்ணிய ஊசிமுனையைக் கொண்டு வீட்டிலேயே அளக்க உதவுகிறது. சுவிட்சர்லாந்தின் ‘ட்ரிகர்ஃபிஷ்’ காண்டாக்ட் லென்ஸ் 24 மணி நேரமும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்கிறது, தூங்கினாலும் நிற்பதில்லை. 2016இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. அது தருவது ஏற்ற இறக்கத்தின் வடிவத்தை மட்டுமே. பாதரச அளவில் எண்ணாகத் தராது.

மிச்சமிருந்த வழி, அழுத்தமானியைக் கண்ணுக்குள்ளேயே வைப்பது. எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவின் கார்ட்டர் காலின்ஸ் 1967இலேயே அப்படி ஒன்றைச் செய்து முயல்களின் கண்ணில் வைத்துக் காட்டினார். மின்கலமோ கம்பியோ இல்லாத சிறு சுருள்களால் ஆனது அது. அழுத்தம் ஏறினால் சுருள்களுக்கு இடையேயான தூரம் குறையும்; அதனால் அவை ஒத்ததிரும் அலைவரிசை மாறும். வெளியிலிருந்து வானொலி அலையைச் செலுத்தி அந்த மாற்றத்தைப் படிக்கலாம். அடிப்படை அன்றே சரியாக இருந்தது. பல ஆண்டுகள் கண்ணுக்குள் கெடாமல் இருக்கும்படி அதைச் சிறிதாக்கி உறையிடத்தான் அரை நூற்றாண்டு பிடித்தது.

மனிதக் கண்ணில் அதிகம் சோதிக்கப்பட்டது ஜெர்மனியின் ஹனோவரில் உள்ள இம்பிளான்டேட்டா நிறுவனத்தின் ‘ஐமேட்’. மெல்லிய மோதிரம் போன்ற சிலிக்கோன் உறைக்குள் தங்கச் சுருளும், அழுத்தத்தையும் வெப்பத்தையும் உணரும் சில்லும் இருக்கும். கண்புரை அறுவையின்போது, புதிய லென்ஸை வைத்த கையோடு, கருவிழித் திரைக்குப் பின்னால் இதையும் வைத்துவிடுவார்கள். தனியாக ஒரு அறுவை வேண்டியதில்லை. மோதிரத்துக்குள் பேட்டரி கிடையாது. ‘படிப்பான்’ எனும் கைக்கருவியைக் கண்ணுக்கு எதிரே பிடித்தால், அதன் காந்தப்புலம் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும்; சில்லு விழித்து, அளந்து, எண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு அணையும். மெட்ரோ ரயில் பயண அட்டையை வாயிலில் காட்டும்போது நடப்பதும் இதே வேலைதான். ஆகவே இதற்குச் சொல்லப்படும் ‘தொடர் கண்காணிப்பு’ என்ற சொல்லைச் சற்று நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். படிப்பானைக் கையில் எடுத்தால்தான் எண் வரும். இரவு முழுக்கப் பதிவு வேண்டுமானால் கண்ணைச் சுற்றி ஒரு சுருளை ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டும்.

முதல் சோதனையில் ஆறு பேருக்கும், அடுத்ததில் 22 பேருக்கும் இதை வைத்தார்கள். 2017இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. 2020இல் கொரோனாவால் மருத்துவமனைகள் ஒடுங்கியபோது, இதைப் பொருத்திக்கொண்ட ஜெர்மன் நோயாளிகள் வீட்டிலிருந்தே அளந்தார்கள். மருத்துவர்கள் தொலைவிலிருந்தே அந்த எண்களைப் பார்த்தார்கள். பின்னர், கண்ணின் வெள்ளைச் சுவருக்கு அடியில் வைக்கும் இன்னொரு வடிவமும் வந்தது. கண்புரை அறுவை தேவைப்படாத நோயாளிகளுக்கு, குளுகோமா அறுவையின்போதே அதைப் பொருத்தலாம்.

உண்மையிலேயே இடைவிடாமல் அளந்தால் என்ன தெரியும் என்பதற்குக் குரங்குகளிடம் பதில் கிடைத்தது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் கிராஃபோர்டு டவுன்ஸ் குழுவினர் குரங்குகளுக்கு உணரியைப் பொருத்தி, விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். கண் சிமிட்டினால் ஏறுகிறது, பார்வையைச் சட்டெனத் திருப்பினால் ஏறுகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் ஆயிரக்கணக்கான சிறு எகிறல்கள். நரம்பைக் கெடுப்பது சராசரி அழுத்தமா, இந்த எகிறல்களா, இரவின் நீண்ட உயர்வா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி.

குறைகளும் சிறியவை அல்ல. முதல் ஆறு பேரில் நால்வருக்கு அறுவைக்குப் பின் கண்ணில் அழற்சி வந்து, மருந்தில் தணிந்தது. மோதிரத்தை நுழைக்க, இன்றைய கண்புரை அறுவையைவிடப் பெரிய வெட்டு தேவைப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல உணரியின் பூஜ்ஜியப் புள்ளி நகரக்கூடும். அதைச் சரிபார்க்க மறுபடி கோல்ட்மன் கருவியிடமே போக வேண்டும். விலை வேறு.

கண் நீர் அழுத்தத்தின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு பழைய இடம் உண்டு. 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் கண்ணின் ஓரத்தில் ஒரு சிறு துளையிட்டு நீரை வடிக்கும் அறுவையை இங்கேதான் உருவாக்கினார். அது உலகெங்கும் அவர் பெயரால் வழங்கியது.  மதுரை ஆரோலேப் 2013இல் மலிவான வடிகால் கருவி ஒன்றை அறிமுகப்படுத்தியது; உள்விழி லென்ஸின் விலையைச் சாமானியர் எட்டும்படி இறக்கிய அதே ஆலை. கண்ணுக்குள் நிரந்தரமாக இருக்கும் பொருளைக் குறைந்த விலையில் செய்யும் கைத்திறன் தமிழ்நாட்டில் இருக்கிறது. உணரிச் சில்லு வேறு ரகம். அது நுண்மின்னணுத் தொழிற்சாலையின் சரக்கு.

ஆனால் சென்னைக்கு முதலில் வேண்டியது சில்லா என்பதைச் சங்கர நேத்ராலயாவின் சென்னைக் குளுகோமா ஆய்வு யோசிக்க வைக்கிறது. 40 வயதைத் தாண்டிய நகரவாசிகளில் 3.51 சதவீதத்தினருக்கும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 1.62 சதவீதத்தினருக்கும் இந்த நோயின் பரவலான வகை இருந்தது. நகரத்து நோயாளிகளில் 94 சதவீதத்தினருக்கும், கிராமத்தவரில் 98.5 சதவீதத்தினருக்கும் அதுவரை நோய் கண்டறியப்படவே இல்லை. கண்ணுக்குள் வைக்கும் மோதிரம், நோய் உறுதியாகி அறுவைக்குப் படுப்பவருக்கு மட்டுமே பயன்படும். நோய் இருப்பதே தெரியாதவருக்கு அல்ல. மேலும், 21 மி.மீ.க்குக் கீழே அழுத்தம் இருந்தும் நரம்பு கெடுபவர்களும் உண்டு. உணரி காட்டும் எண் இயல்பாகவே இருந்தாலும், நரம்பின் முனையைப் பார்ப்பதும் பார்வைப் பரப்பைச் சோதிப்பதும் அவர்களுக்கு ஆண்டுதோறும் தேவைப்படும்.