உடலைத் தொடாமல் ஒரு ஃபங்ஷனை மாற்றுவது

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் கை வைப்பது எந்த நிரலாளருக்கும் பிடிக்காத வேலை. வட்டி கணக்கிட ஒரு ஃபங்ஷன், வரிக்கு ஒன்று, ரசீதுக்கு ஒன்று என்று நாற்பது ஐம்பது ஃபங்ஷன்கள் குறையில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். திடீரென்று ஒரு தேவை முளைக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று தெரிய வேண்டும்; அல்லது யார் எப்போது எதை இயக்கினார்கள் என்ற பதிவு வேண்டும். ஒவ்வொரு ஃபங்ஷனையும் திறந்து, தலையில் இரண்டு வரி, காலில் இரண்டு வரி சேர்த்துக்கொண்டே போகலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஐம்பது இடங்களில் சேர்த்ததைத் தேவை முடிந்ததும் ஐம்பது இடங்களிலும் நீக்க வேண்டும். சரியாக இருந்த கணக்கில் பிழை நுழைவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

பைத்தான் மொழியில் இதற்கு வேறு வழி இருக்கிறது. அங்கே ஒரு ஃபங்ஷனும் ஓர் எண்ணைப்போல, ஒரு பட்டியலைப்போல ஒரு மதிப்புதான். அதை இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம்; இன்னொரு ஃபங்ஷனிலிருந்து திரும்பப் பெறலாம். ஆகவே நேரம் அளக்கும் வேலையை ஒரே ஒரு முறை எழுதினால் போதும். அது ஒரு ஃபங்ஷனை வாங்கிக்கொள்ளும். கடிகாரத்தைப் பார்த்து, வாங்கியதை இயக்கி, மறுபடி கடிகாரத்தைப் பார்க்கும் புதிய ஃபங்ஷன் ஒன்றைத் திருப்பித் தரும். உள்ளே இருக்கும் வட்டிக் கணக்கில் ஓர் எழுத்துகூட மாறாது. இப்படிச் செய்வதைத்தான் டெக்கரேட்டர் என்கிறார்கள்.

இந்த வசதி மொழியில் ஏற்கெனவே இருந்தது, எழுதும் முறைதான் அசௌகரியமாக இருந்தது. ஃபங்ஷனை முழுக்க எழுதி முடித்து, கீழே வந்து, அதே பெயரை மறுபடி சொல்லி, அதற்கு டெக்கரேட்டர் என்ற உறையைப் போட்டு, அதே பெயரில் வைக்க வேண்டும். எண்பது வரி நீளும் ஃபங்ஷனாக இருந்தால், அதற்கு உறை போட்டிருக்கிறது என்பதே படிப்பவருக்கு எண்பதாவது வரிக்குப் பிறகுதான் தெரியும். இதை மாற்றுவதற்கான 318ஆம் எண் முன்மொழிவு பைத்தான் வரலாற்றின் நீண்ட சர்ச்சைகளில் ஒன்று. எந்தக் குறியை வைப்பது, எங்கே வைப்பது என்று மாதக்கணக்கில் விவாதித்தார்கள். கடைசியில் மொழியை உருவாக்கிய நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ரோசம் ‘@’ குறியைத் தேர்ந்தெடுத்தார். 2004 நவம்பரில் வந்த 2.4 பதிப்பில் அது நிலைபெற்றது. குறி அழகாக இல்லை என்று அன்று பலர் வருந்தினார்கள். குறி எதுவாக இருந்தாலும் சரி, அது ஃபங்ஷனின் தலைக்கு மேல் வந்து நின்றதுதான் பெரிய நன்மை என்பது என் எண்ணம். படிக்கத் தொடங்கும் முன்பே, இந்த ஃபங்ஷன் தனியாக இல்லை, இதன் மேல் ஓர் உறை இருக்கிறது என்று கண்ணில் பட்டுவிடுகிறது.

ஆனால் உறை போட்டதும் ஒரு சிக்கல் வருகிறது. புதிதாகப் படிப்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

பைத்தானில் ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் பெயரைத் தானே அறிந்திருக்கும். எந்தக் கோப்பில் பிறந்தது என்பதையும், எழுதியவர் முதல் வரியில் வைத்த விளக்கக் குறிப்பையும் தன்னோடு வைத்திருக்கும். உறை போட்டபின் வெளியே நிற்பது உறை ஃபங்ஷன். அதற்கென்று ஒரு பெயர் உண்டு. பெரும்பாலும் ‘ராப்பர்’ என்று வைத்திருப்பார்கள். வட்டி ஃபங்ஷனிடம் பெயர் கேட்டால் ராப்பர் என்கிறது. வரி ஃபங்ஷனிடம் கேட்டாலும் ராப்பர்தான். விளக்கக் குறிப்பு காணாமல் போய்விடுகிறது. ‘ஹெல்ப்’ கட்டளை கொடுத்தால் வெறுமையாக வருகிறது. கணக்கு சரியாக வருவதால் யாரும் கவலைப்படுவதில்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் எல்லா நோட்டுக்கும் பிரவுன் அட்டை போட்டுவிட்டு லேபிள் ஒட்ட மறந்தால், எது கணக்கு, எது அறிவியல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த நிலைதான் இதுவும்.

ஃபிளாஸ்க் என்ற வலைச் சட்டகத்தில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. அங்கே ஒவ்வொரு வலைப்பக்கத்துக்கும் ஒரு ஃபங்ஷன். தனியாகப் பெயர் எதுவும் சொல்லாவிட்டால் அந்த ஃபங்ஷனின் பெயரிலேயே பக்கம் பதிவாகும். உள்நுழைந்தவர்கள் மட்டும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொந்தமாக ஒரு டெக்கரேட்டர் எழுதி முதல் பக்கத்துக்குப் போட்டால் சரியாக ஓடும். அதையே இரண்டாவது பக்கத்துக்கும் போட்டதும் நிரல் தொடங்காமலே நின்றுவிடும். ‘ராப்பர்’ என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கிறது, அதன் மேல் இன்னொன்றைப் பதிகிறாய் என்று பிழைச்செய்தி வரும். எழுதியவர் எங்குமே அப்படி ஒரு பக்கத்தை உருவாக்கவில்லை. எங்கிருந்து வந்தது இந்தப் பெயர் என்று தேடுவதிலேயே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இதற்கு மருந்து ஒரே வரி. உறை ஃபங்ஷனின் தலைக்கு மேல் ‘ராப்ஸ்’ என்ற டெக்கரேட்டரைப் போட்டு, உள்ளே போகும் ஃபங்ஷனை அதற்குக் காட்ட வேண்டும். அசலின் பெயர், கோப்பு, விளக்கக் குறிப்பு எல்லாவற்றையும் அது உறையின் மேல் எழுதிவிடும். 3.2 பதிப்பிலிருந்து இன்னொரு நல்ல காரியமும் செய்கிறது. உறையின் உள்ளே ‘ராப்டு’ என்ற பெயரில் அசல் ஃபங்ஷனைப் பத்திரமாக வைத்திருக்கிறது. உறை இல்லாமல் அசலை மட்டும் சோதிக்க வேண்டுமானால் அந்தப் பெயரைச் சொல்லி வெளியே எடுக்கலாம். அசல் என்னென்ன உள்ளீடுகளைக் கேட்டது என்று ஆராயும் கருவிகளும் அந்த வழியாகத்தான் உள்ளே போய்ப் பார்க்கின்றன.

ராப்ஸ் குடியிருக்கும் இடம் ஃபங்க்டூல்ஸ் என்ற தொகுப்பு. பைத்தானை நிறுவும்போதே கூட வருவது. தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. 2006 செப்டம்பரில் 2.5 பதிப்போடு பிறந்தது. பீட்டர் ஹாரிஸ் எழுதிய 309ஆம் முன்மொழிவு அதற்கு வித்து. அவர் கேட்டது ‘பார்ஷியல்’ என்ற ஒன்றைத்தான்: ஒரு ஃபங்ஷனுக்குத் தேவையான உள்ளீடுகளில் சிலவற்றை மட்டும் இப்போதே கொடுத்துவிட்டு, மீதியைப் பிறகு கொடுப்பதற்கான வழி. எழுத்துகளை எண்ணாக மாற்றும் ‘இன்ட்’ ஃபங்ஷனிடம் அடிமானம் 2 என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால், இரும எண்களை மட்டும் படிக்கும் புதிய ஃபங்ஷன் கிடைக்கும். அதனிடம் 10010 என்று கொடுத்தால் 18 வரும்.

பார்ஷியலின் அருமை வேறோர் இடத்தில்தான் முழுதாகத் தெரியும். திரையில் 1 முதல் 10 வரை பத்துப் பொத்தான்கள் வைக்க வேண்டும். எதை அழுத்தினாலும் அதன் எண் தெரிய வேண்டும். ஒரு சுழற்சி எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் ‘லாம்ப்டா’ என்ற பெயரற்ற சிறு ஃபங்ஷன் ஒன்றைச் செய்து பொத்தானோடு இணைத்தால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் 10 என்றே வரும். காரணம், லாம்ப்டா எண்ணின் மதிப்பை எடுத்து வைத்துக்கொள்வதில்லை. மாறியின் பெயரை மட்டுமே நினைவில் வைக்கிறது. அழுத்தும் நேரத்தில் போய்ப் பார்க்கும்போது சுழற்சி முடிந்து, மாறியில் 10 உட்கார்ந்திருக்கும். பார்ஷியல் அப்படியல்ல. கொடுத்த மதிப்பை அந்தக் கணமே வாங்கிப் பூட்டிவிடும். ஒரு குறை உண்டு: பார்ஷியல் செய்து தரும் பொருளுக்குத் தானாகப் பெயர் வராது. பெயர் வேண்டுமென்றால் நாமே வைக்க வேண்டும்.

தொகுப்பிலேயே மிகவும் புகழ்பெற்றது ‘எல்ஆர்யு கேஷ்’. ஒரு முறை கணக்கிட்ட விடையை நினைவில் வைத்துக்கொண்டு, அதே கேள்வி மறுபடி வந்தால் கணக்கிடாமலே சொல்லும் ஏற்பாடு. இந்த யோசனையை 1968இல் பெயரிட்டு எழுதியவர் பிரிட்டனின் செயற்கை நுண்ணறிவு முன்னோடி டொனால்டு மிச்சி. பைத்தானுக்குள் 2011இல் 3.2 பதிப்போடு வந்தது.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான்தான் பாடம். ஃபங்ஷன், லாம்ப்டா, தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷன் எல்லாம் அதில் உண்டு. அவ்வளவு படித்த மாணவர் ஒருவர் எல்ஆர்யு கேஷின் வலிமையைப் பத்து நிமிடத்தில் கண்ணால் பார்க்கலாம். ஃபிபோனாச்சி வரிசையின் 30ஆம் எண்ணைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷனை, முந்தைய இரண்டின் கூட்டல் என்ற வரையறைப்படியே எழுதட்டும். அது மொத்தம் 26,92,537 முறை அழைக்கப்படும். தலைக்கு மேல் ஒரே ஒரு வரி போட்டால் மொத்த அழைப்புகள் 59. அவற்றில் 31 முறைதான் உண்மையான கணக்கு; மீதி 28 முறை விடை நினைவிலிருந்து வந்துவிடும். இதை என் பேச்சை நம்பி ஏற்க வேண்டாம். ‘கேஷ் இன்ஃபோ’ என்று கேட்டால் அந்த ஃபங்ஷனே எண்ணிக்கையைச் சொல்லும். நிரலின் உடலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அசலும் ‘ராப்டு’ என்ற பெயரில் உள்ளேயே இருக்கிறது.

எல்லை எதுவும் சொல்லாவிட்டால் எல்ஆர்யு கேஷ் 128 விடைகளை வைத்துக்கொள்ளும். இடம் நிறைந்ததும், நெடுநேரமாக யாரும் கேட்காத விடையை வெளியேற்றும். எல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு 2020இல் 3.9 பதிப்பில் ‘கேஷ்’ என்ற எளிய வடிவம் வந்தது. எல்லை இல்லை என்றால் நினைவகம் வளர்ந்துகொண்டே போகும், பல நாள் ஓடும் நிரலில் அதைப் போடுமுன் யோசிக்க வேண்டும்.

இந்த ஒரு வரியை எங்கே போடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நேரத்துக்கு நேரம் விடை மாறும் ஃபங்ஷனுக்குப் போடக் கூடாது. தங்கத்தின் விலையைக் கேட்டால் காலை விலையையே மாலையிலும் சொல்லிக்கொண்டிருக்கும். பட்டியலைத் திருப்பித் தரும் ஃபங்ஷனில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கேட்பவர்கள் எல்லோருக்கும் நினைவில் இருக்கும் அந்த ஒரே பட்டியல்தான் போகிறது. ஒருவர் அதில் ஒன்றைச் சேர்த்துவிட்டால் அடுத்தவருக்குத் திருத்தப்பட்ட பட்டியலே போய்ச் சேரும். பிழைச்செய்தி எதுவும் வராது, தவறான விடை மட்டும் அமைதியாகப் பரவும். மாற்ற முடியாத ‘டியூப்பிள்’ ஆகத் திருப்பித் தந்தால் இந்தத் தொல்லை இல்லை. கிளாஸுக்குள் இருக்கும் மெத்தடுக்குப் போட்டால் ஒவ்வொரு பொருளையும் அந்த நினைவு பிடித்து வைத்துக்கொள்ளும். வேலை முடிந்த பொருள்களும் நினைவகத்தை விட்டு உடனே போகாது.

தொகுப்பில் இன்னும் சில உண்டு. பட்டியலை ஒரே மதிப்பாகச் சுருக்கும் ‘ரெட்யூஸ்’ ஒருகாலத்தில் மொழியின் முற்றத்திலேயே இருந்தது. கைடோவுக்கு அது பிடிக்கவில்லை. படிக்கக் கடினம் என்றார். 2008இல் 3.0 பதிப்பு வந்தபோது அதை ஃபங்க்டூல்ஸுக்குள் அனுப்பிவிட்டார்கள். சரியான முடிவு, கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் அப்பால் ரெட்யூஸ் போன இடமெல்லாம் ஒரு சாதாரண சுழற்சியே தெளிவாக இருக்கும். உள்ளே வருவது எண்ணா, சொல்லா, பட்டியலா என்று பார்த்து அதற்கேற்ற ஃபங்ஷனிடம் அனுப்பும் ‘சிங்கிள் டிஸ்பாட்ச்’ 2014இல் லூகாஷ் லங்காவின் முன்மொழிவால் வந்தது.

பார்ஷியலில் நெடுநாளாக ஒரு தடை இருந்தது. பெயர் சொல்லாமல் வரிசைப்படி கொடுக்கும் உள்ளீடுகளை இடப்பக்கத்திலிருந்துதான் நிரப்ப முடியும். மூன்றாவதை முதலில் பூட்டிவிட்டு, முதல் இரண்டையும் பிறகு தருகிறேன் என்று சொல்ல வழியில்லை. 2025 அக்டோபரில் வந்த 3.14 பதிப்பு ‘பிளேஸ்ஹோல்டர்’ என்ற இடம்பிடிப்பைத் தந்து அந்தத் தடையை நீக்கியது. ஒரு வாக்கியம், அதில் உள்ள பழைய சொல், அதற்குப் பதிலாகப் புதிய சொல் என்று மூன்றைக் கேட்கும் ‘ரீப்ளேஸ்’ ஃபங்ஷனில், முதல் இரண்டு இடங்களுக்குத் துண்டு போட்டுவிட்டு, மூன்றாவதில் வெறுமையை வைத்துப் பூட்டலாம். வாக்கியத்தையும் சொல்லையும் கொடுத்தால் அந்தச் சொல்லை நீக்கித் தரும் புதிய ஃபங்ஷன் ஒரே வரியில் தயார். தானாக வராத பெயரை நாம் வைக்க வேண்டும். பைத்தான் 3 தமிழ் எழுத்துகளிலும் பெயர் வைக்க விடுகிறது. ‘நீக்கு’ என்றே வைக்கலாம்.