திங்களில் நிலைகுடி: நிலமும் பொழுதும் நோக்கிய ஓர் ஆய்வு

திங்களில் மாந்தர் நெடுங்காலம் தங்கி வாழ்தற்குரிய உறையுள் ஒன்றை அமைத்தல் கூடுமா, கூடுமாயின் அது எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினாக்கள் இன்று அறிவியலார் பலரால் ஆராயப்பெறுகின்றன. அமெரிக்காவின் தலைமையில் எழுந்த ஆர்ட்டெமிசுத் திட்டமும், சீனமும் உருசியாவும் 2021ஆம் ஆண்டில் அறிவித்த பன்னாட்டு நிலவு ஆராய்ச்சி நிலையத் திட்டமும் இந்நோக்கம் கொண்டவையே. இவற்றைத் தமிழில் விளக்கப் புகுவார் பெரும்பாலும் 'தளம்' என்னும் ஒரு சொல்லையே ஆள்கின்றனர். அச்சொல் பொருளை முற்றும் புலப்படுத்துமா என்பதும், நம் இலக்கணம் வாழ்விடம் பற்றி வகுத்த பாகுபாடு இப்புதுப்பொருளை விளக்கத் துணைசெய்யுமா என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

1. பாசறையும் குடியும்

பாசறை என்பது வினைமேற் சென்றார் தற்காலிகமாகத் தங்கும் இடம். உணவும் கருவியும் ஊரிலிருந்து வருவன. வினை முடிந்தவழி அது கலைக்கப்படும். குடி என்பதோ தான் இருக்கும் நிலத்தினின்று தன் வாழ்வைப் பெறுவது. 1969 சூலை முதல் 1972 திசம்பர் வரை அப்பல்லோக் கலங்கள் ஆறுமுறை திங்களில் இறங்கின. பன்னிருவர் அங்கு நடந்தனர். அவர்களுள் நெடிது தங்கியோர் அப்பல்லோ 17இல் சென்ற இருவர். அவர்தம் தங்கல் ஏறத்தாழ 75 மணிநேரமே. உண்டதும் பருகியதும் உயிர்த்ததும் நிலவுலகினின்று கொண்டுசென்றவையே. ஆகலின் அவ்வாறும் பாசறைகளே எனல் தகும்.

இன்று வேண்டப்படுவது குடி. பாசறையைப் பெரிதாக்கினால் அது குடியாகிவிடும் என்பது பொருந்தாது. இரண்டிற்கும் வேறுபாடு அளவில் இல்லை; வாழ்வு எங்கிருந்து பெறப்படுகின்றது என்பதில் உள்ளது. இவ்வேறுபாடு தெளியவே 'நிலைகுடி' என்னும் சொல்லை ஈண்டு ஆள்கின்றோம்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். உணவு, மரம், தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். முதற்பொருள் இன்னதெனத் துணிந்தபின்னரே கருப்பொருள் அமையும். அம்முறையே இவ்வாராய்ச்சிக்கும் ஏற்றதாகும்.

2. நிலம்

திங்களின் மேற்பரப்பைப் போர்த்திருப்பது நுண்டுகட் படலம். தாழ்நிலங்களில் அது ஏறத்தாழ நான்கைந்து மீட்டரும், மேட்டுநிலங்களில் பத்து மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுடையது. இதனை 'மண்' என வழங்குதல் எளிதாயினும், மண்ணின் பிறப்பு வேறு, இதன் பிறப்பு வேறு. நிலவுலகின் மண் காற்றாலும் நீராலும் உயிர்களாலும் ஆகியது. திங்களின் துகளோ விண்கற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மோதிப் பாறையை நொறுக்கியதால் ஆகியது. உருட்டித் தேய்க்கக் காற்றும் நீரும் இன்மையின் ஒவ்வொரு துகளும் கூர்முனை உடையது. மின்னேற்றம் பெற்று ஆடையிலும் கருவியிலும் ஒட்டிக்கொள்வது. அப்பல்லோ 17இல் சென்ற நிலவியலறிஞர் ஆரிசன் சிமிட்டு, கலத்தினுள் புகுந்த இத்துகளால் மூக்கழற்சியுற்றார்.

இத்துகளின் இயல்பை அறிய நிலவுலகிலேயே ஒத்த பாறையைத் தேடுவது வழக்கம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியிற் கிடைக்கும் அனார்த்தொசைட்டுப் பாறை திங்களின் மேட்டுநிலப் பாறையை ஒப்பது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அதனைப் பொடித்துத் திங்கட்டுகளுக்கு ஒத்த பொருளாக்கி ஆய்வுகளுக்குப் பயன்கொண்டது. சேய்மையிலுள்ள பொருளை அறிதற்கு அண்மையிலுள்ள நிலமே அளவுகோலாயிற்று.

துகள் தீங்கு செய்யினும் துணையும் அதுவே. அதன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது முதல் நாற்பத்தைந்து பங்கு உயிர்வளியாகிய ஆக்சிசன். ஆனால் அது தாதுக்களுடன் இறுகப் பிணைந்துள்ளது. உருக்கிய உப்பிலிட்டு மின்னாற் பகுத்தல் போன்ற முறைகளால் பிரிக்கலாம். அதற்கு வேண்டும் ஆற்றல் பெரிது.

3. பொழுது

திங்களில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து ஏறத்தாழ 29½ நாள். நடுக்கோட்டில் நண்பகல் வெப்பம் 120 பாகை செல்சியசு அளவிற்கு ஏறும். இரவில் சுழிக்குக்கீழ் 130 பாகை அளவிற்கு இறங்கும். திங்களின் அச்சு ஞாயிற்றை நோக்கி 1½ பாகையே சாய்ந்துள்ளது. ஆதலின் கார், கூதிர் என்றாற்போலும் பருவ வேறுபாடு அங்கு மிகச் சிறிது. நம் இலக்கண நெறியிற் கூறின், சிறுபொழுது மிக நீண்டு, பெரும்பொழுது இல்லையென்னுமளவிற் சுருங்கிய நிலம் அது.

அப்பல்லோக் கலங்கள் யாவும் இறங்கிய இடத்துக் காலைப்பொழுதிலேயே இறங்கின. அங்கு இரவைக் கழித்த மாந்தர் ஒருவரும் இலர். 2019 சனவரியில் சீனத்தின் சாங்-ஏ 4 கலத்தினுள் பருத்திவிதை ஒன்று முளைத்தது. இரவு வந்ததும் குளிரால் மாண்டது. 2023 ஆகத்து 23ஆம் நாள் தென்முனைப் பகுதியில் இறங்கிய சந்திரயான் 3இன் விக்கிரம் கலமும் ஒரு பகலளவு தொழிற்பட்டு, இரவின் பின் விழித்திலது. நிலைகுடியின் முதற்பகை இரவே என்பது இவற்றால் விளங்கும்.

அதன் அளவை ஒரு கணக்காற் காண்பாம். இருபது கிலோவாட்டு மின்னாற்றல் இடையறாது வேண்டும் சிறு உறையுள் ஒன்றைக் கொள்வோம். 354 மணிநேர இரவுக்கு அது 7,080 கிலோவாட்டுமணி வேண்டும். ஒரு கிலோகிராம் மின்கலம் 200 வாட்டுமணி தேக்குவதாயின், மின்கலத்தின் எடை மட்டுமே 35 டன்னுக்கு மேலாகும். அப்பல்லோவின் பின்னைய இறங்குகலங்கள் எரிபொருளோடு ஏறத்தாழ 16 டன்னே என்பதை ஒப்பிட்டு நோக்குக.

தென்முனை விரும்பப்படுவதன் காரணம் இதுவே. அங்குச் சேக்கிள்டன் பெருங்குழியின் விளிம்பு போன்ற சில முகடுகளில் ஞாயிற்றொளி ஆண்டின் பெரும்பகுதி படுகின்றது. இருள் நேரினும் நெடிது நில்லாது. அச்சின் சாய்வு சிறிதாதலின் ஞாயிறு அங்கு அடிவானை ஒட்டியே சுற்றும். எனவே ஒளிபெறு தகடுகளைப் படுக்கையாகப் பரப்புதல் பயன்படாது. பாய்மரம்போல் நிமிர்த்தி நிறுத்துதல் வேண்டும்.

4. உறையுள்

திங்களுக்குக் காற்றுப் போர்வையும் காந்தப் போர்வையும் இல்லை. சாங்-ஏ 4 அளந்தவாறு, மேற்பரப்பில் ஒருவர் ஏற்கும் கதிர்வீச்சு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.37 மில்லிசீவர்ட்டு. நிலவுலகில் கதிரியக்கத் தொழில் செய்வார்க்கு ஓராண்டின் சராசரி வரம்பு 20 மில்லிசீவர்ட்டு. அவ்வரம்பு திங்களில் பதினைந்து நாளில் நிறையும். ஞாயிற்றில் எழும் கதிர்ப்புயல் இதனினும் கொடிது. இதற்குக் காப்பு, உறையுளின்மேல் இரண்டு மூன்று மீட்டர் கனத்திற்குத் துகளைக் குவித்தலாம். அத்துகள் வெப்பக் காப்புமாகும். மேற்பரப்பு கொதிக்கவும் உறையவும், ஒரு மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை பெரிதும் மாறாதிருத்தலை அப்பல்லோ ஆய்வுக்கருவிகள் காட்டின.

ஈண்டுக் கட்டடக்கலை தலைகீழாதல் நோக்கத்தக்கது. நிலவுலகில் கூரை மேலிருந்து அழுத்தும் சுமையைத் தாங்குகின்றது. திங்களிலோ, உள்ளிருக்கும் காற்று கூரையை வெளியே தள்ளுகின்றது. நம் வழக்கமான காற்றழுத்தம் சதுர மீட்டருக்குப் பத்து டன் அளவினது. மூன்று மீட்டர்த் துகட்குவியலின் எடை, ஆறிலொரு பங்காகிய அந்நிலத்து ஈர்ப்பில், அவ்வழுத்தத்தின் பத்திலொரு பங்கிற்கும் குறைவு. கூரை இடிந்து வீழும் என்னும் அச்சம் அங்கில்லை. வெடித்தெழும் என்பதே அச்சம். எனவே அவ்வுறையுள் 'மனை' என்னும் சொல்லினும் 'கலம்' என்னும் சொல்லுக்கே உரியது. நீரை ஏந்தும் மட்கலமும் கடலிற் செல்லும் மரக்கலமும் போல, உள்ளதைச் சிந்தாது காத்தலே அதன் தொழில்.

இறங்குதுறையும் சேய்மையில் அமைதல் வேண்டும். காற்றுத்தடை இன்மையின் கலத்தின் அனல் வீசியெறியும் துகள் நெடுந்தொலைவு பாயும். 1969 நவம்பரில் அப்பல்லோ 12, முன்னரே அங்கிருந்த சர்வேயர் 3 என்னும் கருவியினின்று ஏறத்தாழ 160 மீட்டர் தொலைவில் இறங்கியது. ஆயினும் அக்கருவியின் மேற்பரப்பைத் துகள்கள் அராவியிருந்தன.

5. நீர்

2008இல் ஏவப்பெற்ற சந்திரயான் 1 திங்களின் மேற்பரப்பில் நீரின் அடையாளத்தைக் காட்டிற்று. 2009 அக்டோபர் 9ஆம் நாள் எல்குராசு என்னும் அமெரிக்கத் திட்டம், ஞாயிற்றொளி என்றும் புகாத கேபியசுப் பெருங்குழியில் ஒரு பொருளை மோதவிட்டு, எழுந்த துகளில் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 5.6 பங்கு நீர் உளதெனக் கணித்தது. ஒளிபடு முகடும் பனிபடு குழியும் அண்மையில் அமைந்திருப்பதே தென்முனையின் தனிச்சிறப்பு.

எனினும் இந்நீர் ஊற்றன்று. நெடுங்காலம் சேர்ந்த வைப்பு. மழையால் நிரம்பும் ஏரியை வட்டிக்கும், இதனை முதலுக்கும் ஒப்பிடலாம். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை பெருக்குக என அறிவுறுத்தினார். அங்குப் பெய்யும் மழை உண்டு; தேக்குவதே அரசன் கடன். திங்களில் பெய்வது இன்மையின், இழவாது காப்பதே கடனாகும்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் ஆகியவற்றினின்று மீட்கப்படும் நீர் 2023இல் நூற்றுக்கு 98 பங்கை எட்டியது. ஒருவர்க்கு நாளொன்றுக்கு 3.8 லிட்டர் எனக் கொள்ளின், நால்வர்க்கு ஓராண்டில் வேண்டுவது ஏறத்தாழ 5,550 லிட்டர். இழப்பு 111 லிட்டரே. 94 பங்கே மீட்கப்படின் இழப்பு 333 லிட்டராகும். நான்கு பங்கு முன்னேற்றம் சிறிதெனத் தோன்றினும், வைப்பினின்று எடுக்கவேண்டும் அளவை மூன்றிலொன்றாக்குகின்றது. 111 லிட்டரைக் கேபியசுத் துகளில் முழுதும் பிரிக்கக் கூடுமாயின், இரண்டு டன் துகளே போதும்.

இப்பனியைப் பகுத்து ஐதரசனும் ஆக்சிசனும் ஆக்கி, விண்கலங்களுக்கு எரிபொருளாக்கலாம் என்பாரும் உளர். குடித்த நீர் மீளும். எரித்துத் திங்களின் ஈர்ப்பைக் கடந்து எறியப்பட்ட நீர் மீளாது. ஒருமுறை கலம் செலுத்த வேண்டும் எரிபொருளோ டன் கணக்கினது. நிலைகுடியின் நிலைபேறு இத்தேர்வையே பொறுத்தது எனக் கருதுகின்றோம்.

6. சுழற்சி

நீரைப்போன்றே காற்றும் உணவும் சுழன்று மீளுதல் வேண்டும். மாந்தர் விடும் கரியமில வாயுவைப் பயிர் ஏற்று உயிர்வளியைத் தரும். கழிவு பயிர்க்கு உணவாகும். இச்சுழற்சி எளிதன்று என்பதற்கு அரிசோனாவில் நடந்த 'பயோசுபியர் 2' சான்று. 1991 செப்டம்பர் முதல் இரண்டாண்டுகள் எண்மர் அடைக்கப்பட்ட கண்ணாடி மாளிகையில் வாழ்ந்தனர். நூற்றுக்கு 21 பங்காயிருந்த உயிர்வளி படிப்படியாக ஏறத்தாழ 14 பங்காகக் குறைந்தது. 1993 தொடக்கத்தில் வெளியிலிருந்து செலுத்த நேர்ந்தது. வளமிக்க மண்ணின் நுண்ணுயிர்கள் உயிர்வளியை மிகுதியாக நுகர்ந்தன; அவை விட்ட கரியமில வாயுவைக் கட்டடத்தின் கற்காரை உறிஞ்சிக்கொண்டது. சுவரும் மூச்சுவிடும் என்பதை எவரும் கணக்கிற் கொண்டிலர். பின்னர்ப் பெய்சிங்கில் 'நிலவரண்மனை 1' என்னும் அமைப்பில் 2017 மே முதல் 2018 மே வரை 370 நாள் மாணவர் குழுக்கள் மாறிமாறி வாழ்ந்து, பொருட்சுழற்சியின் பெரும்பகுதியை நிறைவேற்றின. 2022இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் அப்பல்லோக் கலங்கள் கொணர்ந்த துகளில் சிறுசெடிகளை முளைப்பித்தனர். அவை முளைத்தன, ஆயின் மெலிந்து வாடின. பயிர்க்குரிய மண்ணை அங்கு ஆக்கிக்கொள்ளவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

7. உரிமை

1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் திங்களை எந்நாடும் தனதாக்கிக் கொள்ளலாகாது என்கின்றது. ஒளிபடு முகடுகளோ சில, அவையும் சிறியன. நிலத்தை உரிமை கொண்டாடாதவரும், முகட்டிற் கருவியை நிறுத்திப் பாதுகாப்பு எல்லை வகுத்துக்கொள்ளின், பிறர் அங்கு அணுகுதல் அரிதாம். இந்தியா 2023 சூன் திங்களில் ஏற்றுக் கையொப்பமிட்ட ஆர்ட்டெமிசு உடன்பாடு அத்தகைய எல்லைகளைப் பற்றிப் பேசுகின்றது. ஊர்நடுவே ஒருவர்க்கும் உரித்தாகாது எல்லார்க்கும் பயன்படும் இடத்தை நம் முன்னோர் 'மன்றம்' என்றனர். முகடுகளும் பனிக்குழிகளும் மன்றமாக நிற்குமா, முன்வந்தார் மனையாகுமா என்பது பொறியியலாரால் மட்டும் விடுக்கத்தக்க வினா அன்று.

இதுகாறும் கூறியவாற்றால், நிலமும் பொழுதும் உறையுளின் வடிவை வரையறுக்கின்றன என்பதும், கொணர்ந்ததை உண்ணும் பாசறை, இழந்ததை மீட்கும் சுழற்சியாலேயே குடியாகும் என்பதும் பெறப்படும். இதனைத் தமிழில் எழுதப் புகுவார் பாசறை, குடி, கலம், வைப்பு, மன்றம் என்னும் சொற்களின் பொருள் வரம்பை அறிந்து ஆள்வாராயின், அயற்சொல்லை வேண்டாதே அரிய கருத்து விளங்கும். முதுகலை மாணவர் இத்துறைச் சொற்களைத் தொகுத்து, பழைய வழக்கோடு ஒப்பிட்டு ஆராய்தல் பயன் தரும்.