உங்கள் திரைக்கு மட்டும் ஒரு பிரச்சாரம்

திருவள்ளூர் தொகுதியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் சுவரில் எழுதிய தேர்தல் விளம்பரத்தை நானும் பார்க்கலாம், எதிர்க்கட்சிக்காரரும் பார்த்துப் பதில் சொல்லலாம். பேஸ்புக் விளம்பரம் அப்படியல்ல. வயது, பாலினம், ஊர் பார்த்துக் காட்டுகிறார்கள். உங்கள் திரையில் வந்தது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது.

இதனால் ஓட்டு மாறுமா? 2010-ல் அமெரிக்காவில் சுமார் 6 கோடி பேரிடம் பேஸ்புக்கில் ஒரு சோதனை நடந்தது. 'ஓட்டுப் போடுங்கள்' என்ற வெறும் செய்தி பலிக்கவில்லை. ஓட்டுப் போட்டதாகச் சொன்ன நண்பர்களின் படங்களையும் காட்டியபோது வாக்குச்சாவடிக்குப் போனவர்கள் கூடினார்கள். (யாருக்குப் போட்டார்கள் என்பது அங்கே சோதிக்கப்படவில்லை.) ஆகவே விளம்பரத்தை விட நண்பர் அனுப்பும் செய்திக்கே வலு அதிகம் என்பேன்.

விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தது யார்? பிரவுசரில் பேஸ்புக்கின் 'ஆட் லைப்ரரி' பக்கத்தைத் திறங்கள். நாடு இந்தியா, பிரிவு தேர்தல், அரசியல் எனத் தேர்வு செய்து, கட்சி அல்லது வேட்பாளர் பெயரை டைப் செய்யுங்கள். பணம் கொடுத்தவர், தோராயமான செலவு, எந்த வயதினர் பார்த்தார்கள் என்ற விவரங்கள் கிடைக்கும். இந்தியாவுக்கு இவ்வசதி 2019-ல் வந்தது.

வாட்ஸ்அப்பில் முதலில் அனுப்பியவர் யார் என்று பார்க்க நமக்கு வழியில்லை. பலமுறை பார்வர்டு ஆன செய்தி என்பதற்கு இரட்டை அம்புக்குறி மட்டும் இருக்கும்.