வைகைக்கரை நூலகங்கள் – 7: குறள் கிடைக்காத மதுரை

தமிழ்ச் சங்கம் ரோடு என்றால் மதுரை ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். எந்தச் சங்கம் என்று கேட்டால்தான் பேச்சு பொற்றாமரைக் குளத்துக்கும் நக்கீரருக்கும் போய்விடும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இது 1901-இல் வந்த சங்கம். ஒரு புத்தகப் பஞ்சத்தில் பிறந்தது.

பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் சொற்பொழிவுக்காக மதுரை வந்தபோது, குறிப்பெடுக்கத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டாராம். ஊரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லையாம். செவிவழிக் கதை, அதனால்தான் இத்தனை ‘ஆம்’. விளைவுக்கு ‘ஆம்’ தேவையில்லை. 1901 செப்டம்பர் 14 அன்று, ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் துணையோடு சங்கம் திறந்தது. கூடவே பாண்டியன் புத்தகசாலையும் வந்தது.

போன வாரம் தூண், விதானம் என்று அளந்துகொண்டிருந்தோம். இங்கே எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு அமைப்பு. புத்தகசாலை, சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, அச்சடிக்க முத்திராசாலை, ‘செந்தமிழ்’ மாத இதழ் எல்லாம் ஒரே குடையின் கீழ். ஒரு வாசலில் ஏடாக நுழைவது, மறு வாசலில் அச்சுப் புத்தகமாக வெளியேறலாம்.

அதற்குக் காரணம் உண்டு. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். குத்தினால் ஓலை பொத்துவிடும். ஒற்றைக் கொம்புதான், இரட்டைக் கொம்பு கிடையாது. ‘கெடு’ என்பதைக் ‘கேடு’ என்றும் படிக்கலாம். ரகரமும் துணைக்காலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இப்படிப்பட்ட ஏட்டை அலமாரியில் பூட்டி என்ன பயன்? பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே புலவர் வேண்டும். ரா. இராகவையங்காரும் பின்னர் மு. இராகவையங்காரும் ‘செந்தமிழ்’ ஆசிரியர்களாக இருந்து செய்தது பெரும்பாலும் இந்த வேலைதான். சென்னையில் ஆ. சிங்காரவேலு முதலியார் தனியாளாகத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910-இல் வெளிவந்ததும் இந்தச் சங்கத்தின் வழியாகத்தான்.

சங்கம் நடந்தது ஜமீன் பணத்தில். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தபிறகு வீட்டு வரியோடு நூலக வரியும் ஒட்டிக்கொண்டது. நாம்தான் இன்று ஜமீன்தார்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டு லட்சம் சதுர அடிக்கும் மேல். குறளுக்காக இனி யாரும் ஊரைச் சுற்ற வேண்டாம்.

தேவரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. ஸ்காட் என்ற ஆங்கிலேயர் குறளின் எதுகை மோனையைத் ‘திருத்தி’ அச்சிட்டாராம். தேவர் அத்தனை பிரதிகளையும் விலைக்கு வாங்கித் தீயில் போட்டாராம். மேடைகளில் கைதட்டல் வாங்கும் கதை. எனக்கு மட்டும் ஒரு சின்ன நெருடல். பாண்டியன் புத்தகசாலையில் ஒரே ஒரு பிரதியை வைத்திருக்கலாம், புலவர்கள் சிரித்துக்கொள்ளவாவது.

(தொடரும்)