80 சதவீதத்துக்கு மேல் கிடையாது

1968 மார்ச்சில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், வேலை செய்யும் இடத்திலேயே ஒரு தொழிலாளிக்குக் கழுத்து முறிந்தது. மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டம் அவருக்கும் குடும்பத்துக்குமாக மாதம் 329.70 டாலர் இயலாமைக் காப்பீட்டுத் தொகை வழங்கியது. மாநிலத்திலிருந்து விபத்து இழப்பீடு 203.60 டாலர். இரண்டும் சேர்ந்தால் அதிகம் என்று 1969 ஜனவரியில் மத்திய அரசு தன் தொகையை 225.30 டாலராகக் குறைத்தது. அவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 1971-ல் உச்ச நீதிமன்றத்தில் 4-3 என்று தோற்றார்.

இன்றும் அதே கணக்குதான். விபத்துக்கு முந்தைய சராசரிச் சம்பளத்தில் 80 சதவீதத்தை இரண்டு தொகையும் சேர்ந்து பொதுவாகத் தாண்டக் கூடாது. மாதம் 4,000 டாலர் சம்பாதித்தவருக்கு வரம்பு 3,200. இழப்பீடு 2,000, இயலாமைத் தொகை 1,800 என்றால், மிஞ்சுகிற 600 டாலரை இயலாமைத் தொகையில் பிடித்துக்கொள்வார்கள். சில மாநிலங்களில் இழப்பீட்டில் குறைப்பார்கள்.

இரண்டு பக்கமும் பணம் வந்தால் ஆள் வேலைக்குத் திரும்பமாட்டார் என்பது 1965-ல் இந்த விதியைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று. கழுத்து முறிந்தவரிடம் சொல்லக்கூடிய நியாயமா இது? இயலாமைக் காப்பீடு, அவர் சம்பளத்தில் பிடித்த வரியிலிருந்து வருவது. இழப்பீடோ, முதலாளி மீது வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடு. இரண்டுக்கும் அவர் விலை கொடுத்துவிட்டார். தனியார் இன்ஷூரன்ஸ் பணம் வந்தால் இந்த விதிப்படி ஒரு டாலரும் குறையாது. அந்த 1971 வழக்கில் நீதிபதி தர்குட் மார்ஷல் தன் மாறுபட்ட தீர்ப்பில் சுட்டிக்காட்டியதும் இந்தப் பாரபட்சத்தைத்தான்.

விதி மாறும்வரை இழப்பீட்டு ஒப்பந்தப் பத்திரத்தில்தான் கவனம் வேண்டும். ஒருவர் 60,000 டாலரை மொத்தமாக வாங்கிக்கொண்டு கேஸை முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் வேறு விவரம் இல்லாவிட்டால், அவர் முன்பு வாங்கிவந்த வாரம் 400 டாலர் கணக்கில் அதை 150 வாரங்களுக்குப் பிரிப்பார்கள். அத்தனை வாரமும் வெட்டு விழலாம். 'இது மீதி ஆயுள் முழுவதற்குமான ஈடு' என்று முதலிலேயே தெளிவாக எழுதியிருந்தால், மீதி ஆயுள் 30 ஆண்டு என்றால் அத்தனைக்கும் பரவி மாதம் சுமார் 167 டாலராகச் சுருங்கும். வக்கீல் கட்டணத்தையும் மருத்துவச் செலவையும் தனியே காட்டினால் அவற்றைக் கழித்துவிடுவார்கள். கையெழுத்துக்குப் பிறகு திருத்தினால், வெட்டைத் தவிர்க்கவே திருத்தியதாகச் சொல்லி ஏற்க மறுக்கலாம்.

இழப்பீடு வருவதைச் சொல்லாமல் விடுவது இன்னும் ஆபத்து. கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்போது, அந்தப் பணம் வாடகைக்கும் மருந்துக்கும் போயிருக்கும். அதேபோல, இழப்பீடு குறைந்தாலோ நின்றாலோ உடனே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்; வெட்டிய தொகையைத் திரும்பக் கேட்க அந்தக் கடிதம்தான் ஆதாரம்.